உங்க படத்த எவனோ சுட்டுட்டானா? சண்டைக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுங்க

டீக்கடைல வடைய பிச்சு வாயில வைக்கப் போறேன், எதிர் சுவத்துல என் படம். தூத்துக்குடி உப்பளத்துல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மார்ச் மாசம் விடியக்காலைல எடுத்தது, ஒரு அக்கா தலைல உப்புச் சட்டியோட வரப்பு மேல நடந்து வர்றாங்க, பின்னாடி சூரியன். அது தினசரி காலண்டர் அட்டையா தொங்குது, கீழ ஒரு கடை பேரு, போன் நம்பர். என் பேர் இருந்த கீழ்ப்பகுதிய வெட்டிட்டாங்க, ஆனா இடது ஓரத்துல பாதி உடம்பு மட்டும் தெரியுற நாய் அப்படியே நிக்குது. அந்த நாய அழிக்கலாமா வேண்டாமான்னு லைட்ரூம்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஒரு மணி நேரம் யோசிச்சு விட்டது நான், அதனால சந்தேகமே இல்ல.

அன்னிக்கு நான் பண்ணது அத்தனையும் தப்பு. கடை நம்பருக்கு அங்கயே போன் போட்டு கத்தினேன், வக்கீல் நோட்டீஸ் வரும், போலீஸ் வரும்னு என்னென்னமோ சொன்னேன், அந்த அண்ணாச்சி பொறுமையா கேட்டுட்டு போன வச்சுட்டார். சாயங்காலம் அவங்க பேஸ்புக் பேஜப் போய்ப் பாத்தா, அதே படத்த வச்சு பொங்கல் வாழ்த்து போட்ருந்தாங்களே அந்த போஸ்ட் காணோம். மத்தியானம் அத நான் கண்ணால பாத்தேன், ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்கல. மிச்சம் இருந்தது சுவத்துல தொங்குன அந்த ஒரு காலண்டர்தான், டீ மாஸ்டர்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் நெறைய படம் திருட்டுப் போச்சு, கொஞ்சம் பணமும் வந்துச்சு. எப்படிப் பண்றதுன்னு கேக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப் போச்சு, அதான் எழுதிட்டேன். நான் வக்கீல் இல்ல, கேமராக்காரன், அத மனசுல வச்சுப் படிங்க.

முதல் அஞ்சு நிமிஷம்

பாத்த உடனே கமெண்ட் போடாதீங்க, போன் பண்ணாதீங்க, ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல போட்டு "எல்லாரும் போய் திட்டுங்கடா"ன்னு சொல்லாதீங்க. பேஜ் முழுசா, மேல லிங்க் தெரியுற மாதிரி, தேதியும் நேரமும் விழுற மாதிரி ஸ்கிரீன்ஷாட். கம்ப்யூட்டர்ல எடுத்தா நல்லது, போன்ல எடுத்தா பாதி நேரம் லிங்க் விழாது. வெப்சைட்டா இருந்தா, பேஜுகள காப்பி எடுத்து வைக்கிற வேபேக் மெஷின் சைட்ல அந்த லிங்க்கப் போட்டு சேவ் பண்ணிடுங்க, அது மூணாவது ஆள் சேமிச்ச காப்பி, நீங்களே போட்டோஷாப்ல பண்ணிட்டீங்கன்னு எவனும் சொல்ல முடியாது. இன்ஸ்டாகிராம் பேஜ் அதுல ஒழுங்கா சேவ் ஆகாது, அதுக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங்தான், ப்ரொஃபைல்ல ஆரம்பிச்சு போஸ்ட் வரைக்கும் நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுங்க.

ஃப்ளெக்ஸ் பேனர்னா பேனர மட்டும் குளோசப்பா எடுத்துட்டு வந்துடாதீங்க, கடை போர்டும் தெருவும் சேந்து தெரியணும். பொருளோட அட்டைல, பாக்கெட்ல வந்திருந்தா ஒண்ண காசு குடுத்து வாங்கி பில்ல பத்திரப்படுத்துங்க. கோர்ட் வரைக்கும் போகுற விஷயம்னா இந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கெல்லாம் ஒரு சர்ட்டிபிகேட் வைக்கணும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம்ங்கற புது சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுல வருது, அதுல ஃபைலோட ஹாஷ் நம்பர் கேக்குறாங்க, ஃபைலுக்குக் கைரேகை மாதிரி அது. அதனால எடுத்த ஃபைல வாட்ஸ்அப்ல சுத்த விட்டு அமுக்கி அப்புறம் தேடாதீங்க, ஒரு ஃபோல்டர்ல ஒரிஜினலா அப்படியே இருக்கட்டும்.

உங்க பக்கத்து ஆதாரம் ரா ஃபைல், அதாவது கேமரா அமுக்காம அப்படியே சேமிக்கிற ஒரிஜினல். நிலத்துக்குப் பத்திரம் மாதிரி அது. ஜேபெக் எவன்கிட்டயும் இருக்கும், ஆனா ரா ஃபைலும், அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த பத்து ஃப்ரேமும் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். என் உப்பளப் படத்துக்கு அதுதான் உதவுச்சு. அந்த நாய் முழுசா ஃப்ரேமுக்குள்ள வர்ற அடுத்த ஷாட்ட காட்டினேன், அதுக்கப்புறம் "இது உங்க படம்தானா"ன்னு யாரும் கேக்கல. இடம் பத்தலன்னு ரா ஃபைல டெலீட் பண்றவங்க இத ஒரு தடவ யோசிங்க.

உங்க படம்தானா, அத விட முக்கியமா உங்க உரிமைதானா

கொஞ்சம் நிதானம். தஞ்சாவூர் பெரிய கோயிலோ ராமேஸ்வரம் பாம்பனோ, ஒரே எடத்துல நின்னு ஒரே லென்ஸ்ல ஆயிரம் பேர் எடுக்குறோம். மேகம், பறவை, ஓரத்துல நிக்குற ஆள், இதெல்லாம் அப்படியே பொருந்துதான்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் நீங்களே எங்கயாச்சும் குடுத்து மறந்துட்டீங்களான்னு பாருங்க. அன்ஸ்ப்ளாஷ், பெக்ஸெல்ஸ் மாதிரி இலவசப் பட சைட்ல ஏத்துனது, விக்கிமீடியா காமன்ஸ் போட்டிக்கு அனுப்பினது எல்லாம் நீங்களே அனுமதி குடுத்தாச்சு. விக்கி படம்னா வியாபாரத்துக்குக் கூட யூஸ் பண்ணலாம், உங்க பேரும் லைசென்ஸ் பேரும் போடணும், அது போடலன்னா மட்டும்தான் கேக்கலாம். ஷட்டர்ஸ்டாக் மாதிரி எடத்துல வித்திருந்தா அவன் முறையா வாங்கியே போட்டிருக்கலாம்.

இப்போ கல்யாண போட்டோகிராபர்ஸ் கவனமாப் படிங்க, ஏன்னா முக்கால்வாசி பேருக்கு இது தெரியாது. 1957 காப்பிரைட் சட்டத்துல படத்த எடுத்தவர்தான் அதோட ஆசிரியர். பொதுவா அவருக்குத்தான் உரிமை. ஆனா 17-ம் பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு, யாராவது காசு குடுத்து "எனக்கு எடுத்துக் குடு"ன்னு சொல்லி எடுத்த படம்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல முதல் உரிமையாளர் அந்தக் காசு குடுத்தவர்தான். அதாவது பொண்ணு வீட்டுக்காரரு அட்வான்ஸ் குடுத்து எடுத்த கல்யாணப் படம், பேப்பர்ல ஒண்ணும் எழுதலன்னா, அவங்களோடது. மாசச் சம்பளத்துக்கு ஸ்டுடியோவுல வேல பாக்குறவர் எடுத்ததும் ஸ்டுடியோவோடது.

இது எங்க இடிக்கும்னா, இன்ஸ்டாகிராம்ல புதுசா ஆரம்பிக்கிற ஒருத்தன் உங்க கல்யாணப் படத்த எடுத்து அவன் வேலன்னு போட்டு ஆர்டர் புடிப்பான் பாருங்க, ரொம்ப சகஜம் இது, அப்போ நீங்க ரிப்போர்ட் அடிக்கிற ஃபார்ம்ல "நான்தான் உரிமையாளர்"னு உறுதி குடுக்கணும். எழுத்துல எதுவும் இல்லன்னா அந்த எடத்துல கை நடுங்கும். அதனால அட்வான்ஸ் வாங்குற ரசீதுலயே ஒரு வரி சேத்துடுங்க: "படங்களின் காப்புரிமை புகைப்படக் கலைஞருக்கே, வாடிக்கையாளர் சொந்த உபயோகத்துக்குத் தடையின்றிப் பயன்படுத்தலாம்", கீழ கையெழுத்து. யாரும் இதுக்குச் சண்டை போட மாட்டாங்க, சாப்பாட்டுப் பந்தி எப்போன்னுதான் அவங்க கவலை. உரிமை அவங்களுக்கே போனாலும் 57-ம் பிரிவு படி எடுத்தவன்னு பேர் கோருற உரிமை உங்ககிட்டதான் இருக்கும், அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க.

அடுத்து, எல்லா யூஸும் திருட்டு இல்ல. ஷேர் பட்டன அமுக்கி ஷேர் பண்ணா அது உங்க போஸ்ட்டுதான், டவுன்லோட் பண்ணி மறுபடி ஏத்துனாத்தான் பிரச்சனை. சொந்தமா படிக்கிறதுக்கு, விமர்சனத்துக்கு, நடப்புச் செய்திக்கு நியாயமா எடுத்தாளுறதுக்கு 52-ம் பிரிவுல இடம் இருக்கு. ஆனா "நன்றி: கூகுள்"னு போடுறான் பாருங்க, அதுக்கு எந்தச் சட்டத்துலயும் இடமில்ல. கூகுளா வந்து விடிகாலைல சேத்துல நின்னுச்சு?

சோசியல் மீடியால போட்டா எல்லாருக்கும் ஃப்ரீன்னு சொல்றவங்களுக்கு நான் சொல்றது டேனியல் மொரேல் கேஸ். ஹெய்ட்டில 2010 ஜனவரி 12 நிலநடுக்கம், மனுஷன் அங்கயே இருந்து எடுத்த படங்கள ட்விட்டர் வழியா போட்டார், வேற ஒரு ஆள் அத எடுத்து தன்னோடதுன்னு போட, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அந்த ஆள் பேர்லயே எடுத்து கெட்டி இமேஜஸ் மூலமா உலகம் பூரா வித்துருச்சு. ட்விட்டர் விதிப்படி யாரும் எடுக்கலாம்னு ஏஎஃப்பி வாதாடுச்சு, கோர்ட் ஒத்துக்கல. 2013 நவம்பர்ல நியூயார்க் ஜூரி 12 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லுச்சு. நாம அந்த ஆப்கள்ல ஏறும்போது குடுக்குற லைசென்ஸ் அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான், பக்கத்துத் தெரு ஜவுளிக்கடைக்கு இல்ல.

எங்க தேடுறது

படத்தப் போட்டா அதே படம் வேற எங்க இருக்குன்னு தேடித் தர்ற கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூணுலயும் போடுங்க, ஒண்ணுல கிடைக்காதது இன்னொண்ணுல கிடைக்கும். டின்ஐல பழசுல இருந்து வரிசைப்படுத்துற வசதி இருக்கு, மொத மொதல்ல எங்க வந்துச்சுன்னு ஓரளவு புரியும். படத்த இடம் வலம் மாத்தி ஒரு தடவ, நடுப்பகுதிய மட்டும் வெட்டி ஒரு தடவ தேடுங்க, திருடுறவன் மொதல்ல பண்றது படத்தத் திருப்பிப் போடுறதுதான். யூடியூப் தம்ப்நெயில் இதுல சரியா மாட்டாது, அது யாராவது அனுப்பி விட்டாத்தான் தெரியும்.

அச்சுல வர்றத எந்த சாஃப்ட்வேரும் புடிக்காது. சிவகாசில ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான் அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம், அதாவது டிசைன் சாம்பிள் புக்கு, ரிலீஸ் பண்ணுவாங்க. அந்த நேரம் பழக்கமான ஏஜென்ட்கிட்ட ஆல்பத்த வாங்கி ஒரு புரட்டு புரட்டிடுங்க. ஜனவரில சுவத்துல பாத்து அலறுறதுக்கு ஆகஸ்ட்லயே பாத்தா அச்சுக்கு முன்னாடியே பேசிடலாம்.

என்ன வேணும்னு முடிவு பண்ணிட்டு பேசுங்க

படம் கீழ இறங்கணுமா, பேர் போடணுமா, பணம் வேணுமா? இத முடிவு பண்ணாம ரிப்போர்ட் பட்டன அமுக்கிட்டீங்கன்னா படம் போயிடும், பணம் கேக்குற பிடியும் அதோட போயிடும். என் கணக்கு இதுதான், ஸ்கூல் பசங்க, ஊர்ப் பேஜ், கோயில் திருவிழா நோட்டீஸ் இவங்கன்னா பேர் போடச் சொல்லிட்டு விட்டுடுவேன். ஹோட்டல், நகைக்கடை, ட்ராவல்ஸ், ரியல் எஸ்டேட், காசு பாக்குற சேனல், இவங்களுக்கு பில். ஆபாசமாவோ சாதி, மதச் சண்டைக்கோ யூஸ் பண்ணிருந்தா பேச்சே இல்ல, நேரா எடுக்க வைக்கிறதுதான்.

பில்லுன்னா நெஜமாவே பில்லு. அந்தப் படத்த மொறையா வந்து கேட்டிருந்தா எவ்வளவு வாங்கியிருப்பீங்களோ அத எழுதுங்க, பேர வெட்டி எடுத்ததுக்குக் கொஞ்சம் கூட போடலாம், அஞ்சு லட்சம் பத்து லட்சம்னு வாய்க்கு வந்தத போட்டா பதிலே வராது. நான் அனுப்புற மெயில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

"வணக்கம். உங்க பேஜ்ல 12-ம் தேதி போட்ட விளம்பரத்துல இருக்கிற படம் நான் எடுத்தது, ஒரிஜினல் ஃபைல் என்கிட்ட இருக்கு. இத யூஸ் பண்ண நான் அனுமதி தரல. தெரியாம நடந்திருக்கலாம். இதுவரைக்கும் யூஸ் பண்ணதுக்கான கட்டணம் இணைச்ச பில்லுல இருக்கு. தொடர்ந்து வேணும்னா தனியாப் பேசலாம், வேண்டாம்னா படத்த எடுத்துடுங்க, ஆனா பில் தொகை நிக்கும். 10 நாளுக்குள்ள பதில் எதிர்பாக்குறேன்."

அவ்வளவுதான். "தெரியாம நடந்திருக்கலாம்"ங்கற அந்த ஒரு வார்த்தை எத்தன காரியம் சாதிச்சிருக்குன்னு எனக்குத்தான் தெரியும், எதிராளிக்கு மூஞ்சி தப்பிக்க ஒரு வழி விட்டாத்தான் பணம் வரும். காலண்டர் விஷயத்துல அண்ணாச்சி அச்சகத்தக் கை காட்டினார், அச்சகக்காரர் டிசைனரக் கை காட்டினார், டிசைனர் தம்பி "அண்ணே கூகுள்ல இருந்துச்சுண்ணே"ன்னு அழாத குறை. யார்கிட்ட கேக்குறதுன்னு குழம்பாதீங்க, காலண்டர்ல எவன் பேர் இருக்கோ அவருக்கும், அச்சடிச்சவருக்கும் ஒரே மெயில்ல அனுப்புங்க, அவங்களுக்குள்ள அடிச்சுக்கட்டும். 15,000 கேட்டேன், 9,000 வந்துச்சு, அச்சகக்காரர் குடுத்தார்.

பணம் வாங்கும்போது எதுக்கு, எத்தன நாளைக்கு, எந்த ஊருக்குன்னு எழுதிக் குடுங்க. "படத்த வித்துட்டேன்"னு மொட்டையா எழுதாதீங்க, உரிமைய மாத்திக் குடுத்து காலம் குறிப்பிடலன்னா சட்டம் 5 வருஷம்னு எடுத்துக்கும்.

பதில் வரலன்னா: எடுக்க வைக்கிறது

இன்ஸ்டாகிராம், பேஸ்புக், யூடியூப், கூகுள் எல்லாம் அமெரிக்கக் கம்பெனி, அங்க 1998-ல வந்த டிஎம்சிஏங்கற காப்பிரைட் சட்டப்படி நோட்டீஸ் குடுத்தா எடுத்தாகணும். சும்மா "ரிப்போர்ட் – ஸ்பேம்"னு அமுக்குறதுல ஒரு புண்ணியமும் இல்ல, காப்பிரைட் ஃபார்ம்னு தனியா இருக்கும், அதத் தேடிப் போங்க. உங்க ஒரிஜினல் இருக்கிற லிங்க், திருட்டு படம் இருக்கிற லிங்க், உங்க பேர், மெயில், உறுதிமொழி, கையெழுத்தா பேர் டைப் பண்றது, அவ்வளவுதான். அக்கவுண்ட் லிங்க் போடாதீங்க, ஒவ்வொரு போஸ்ட்டோட லிங்க்கும் தனித்தனியா போடணும்.

ஒரு எச்சரிக்கை, நீங்க குடுக்குற பேரும் மெயிலும் எதிராளிக்குப் போகும். பொண்ணுங்க முக்கியமா இத கவனிங்க, வேலைக்குன்னு ஒரு தனி மெயில் வச்சுக்குங்க, சொந்த நம்பர் போடாதீங்க. பொய்யா நோட்டீஸ் குடுத்தா அதுக்கும் வழக்கு உண்டு.

யூடியூப்ல உடனே எடுக்கணுமா, 7 நாள் டைம் குடுக்கணுமான்னு கேக்கும். நான் 7 நாள் குடுப்பேன், ஏன்னா 90 நாள்ல மூணு ஸ்ட்ரைக், அதாவது காப்பிரைட் எச்சரிக்கை, விழுந்தா சேனலே போயிடும்னு அவங்களுக்குத் தெரியும், அந்த 7 நாள்லதான் போன் வரும், "சார் பேசிக்கலாம் சார்"னு. எடுத்தது தப்புன்னு அவன் எதிர் நோட்டீஸ் குடுத்தா 10-ல இருந்து 14 வேலை நாள்ல படம் திரும்ப வந்துடும், நீங்க கோர்ட்டுக்குப் போனாத்தான் நிக்கும்.

தனி வெப்சைட்னா, சைட்டோட பதிவு விவரத்தக் காட்டுற ஹூஇஸ்ல பாத்து, சைட்ட தன் சர்வர்ல வச்சிருக்கிற ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதுங்க. கிளவுட்ஃப்ளேர்னு நடுவுல நிக்கிற கம்பெனி பின்னாடி ஒளிஞ்சிருந்தா கிளவுட்ஃப்ளேர் ஃபார்ம்ல போட்டா ஹோஸ்டிங்காரனுக்குத் தகவல் போகும். கூகுளுக்கு எழுதினா தேடல்ல இருந்து மட்டும்தான் போகும், சைட்ல படம் இருக்கத்தான் செய்யும். நம்ம நாட்டு விதியிலயும் வழி இருக்கு, 2013 காப்பிரைட் விதிகள் 75-ம் விதி, புகார் குடுத்தா 36 மணி நேரத்துல தடுக்கணும், ஆனா 21 நாளுக்குள்ள நீங்க கோர்ட் ஆர்டர் கொண்டு வரலன்னா திரும்பப் போட்டுக்கலாம். ஒரு படத்துக்கு இந்த ஓட்டம் கட்டுப்படியாகாது, அதனால நான் எப்பவும் டிஎம்சிஏ பக்கம்தான்.

பெரிய எடம்னா வக்கீல்

வெளிநாட்டு சைட்னா பிக்ஸி, காப்பிட்ராக் மாதிரி கம்பெனி இருக்கு, அவங்களே தேடி, அவங்களே வசூல் பண்ணி, ஏறக்குறைய பாதிய எடுத்துக்குவாங்க. நமக்கு ஜெர்மனில போய் கேஸ் நடத்த முடியுமா, வந்த பாதி லாபம்.

உள்ளூர்ல பெரிய கம்பெனின்னா வக்கீல் லெட்டர்பேட்ல ஒரு நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட்ல. காப்பிரைட் சட்டம் 62-ம் பிரிவு படி நீங்க இருக்கிற ஊர் மாவட்ட கோர்ட்டுலயே வழக்கு போடலாம், அவன் டெல்லில இருந்தாலும். மதிப்பு 3 லட்சத்துக்கு மேல போனா கமர்ஷியல் கோர்ட், அவசரத் தடை கேக்கலன்னா முதல்ல சமரசப் பேச்சுக்குப் போகணும். கிரிமினலும் உண்டு, அதே சட்டம் 63-ம் பிரிவுல 6 மாசத்துல இருந்து 3 வருஷம் ஜெயில், 50,000-ல இருந்து 2 லட்சம் அபராதம், 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் இது போலீஸ் நேரடியா வழக்கு பதியுற, ஜாமீன உரிமையா கேக்க முடியாத குற்றம்னு சொல்லிடுச்சு. வேணும்னே பேர், உரிமை விவரத்த அழிச்சா 65பி-ல 2 வருஷம் வரைக்கும். இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்குங்க, ஆனா மெயில்ல மொத வரிலயே ஜெயில்னு ஆரம்பிக்காதீங்க. ஆதாரமில்லாம மிரட்டினா 60-ம் பிரிவுல அவன் உங்க மேல கேஸ் போடலாம், அன்னிக்கு நான் போன்ல கத்தினப்ப, படம் என்னோடதுன்னு காட்ட ஆதாரம் கைல இல்லாம போயிருந்தா என் கதை கந்தல்.

ரிஜிஸ்டர் பண்ணித்தான் ஆகணுமான்னு எல்லாரும் கேப்பாங்க. கட்டாயம் இல்ல, எடுத்த நிமிஷமே உரிமை வந்தாச்சு. ஆனா ரிஜிஸ்டர் ஆனா கோர்ட்ல முதல் கட்ட ஆதாரமா எடுத்துக்குவாங்க. ஆன்லைன்லயே ஃபார்ம் 14, படத்துக்கு 500 ரூபா. எல்லாத்துக்கும் கட்டாதீங்க, உங்களுக்குச் சோறு போடுற பத்து படத்துக்கு மட்டும் கட்டுங்க.

அந்த அக்கா

9,000 வந்த அன்னிக்கு ராத்திரி பொண்டாட்டி ஒரு கேள்வி கேட்டா, "உங்க படத்தக் கேக்காம போட்டான்னு குதிச்சீங்களே, அந்தப் பொம்பளைய நீங்க கேட்டா எடுத்தீங்க?" பதில் இல்ல. சட்டத்துல படம் என்னோடது, மூஞ்சி அவங்களோடது. அவங்க மூஞ்சிய ஒரு கடை விளம்பரத்துக்கு விக்கிறதுக்கு எனக்கும் எழுத்துல எதுவும் இல்ல. நீங்க கேஸ்னு போனா எதிராளி வக்கீல் இந்த எடத்துலதான் கை வைப்பார். அடுத்த ஞாயிறு அளத்துக்குப் போய் விசாரிச்சேன், அவங்க அந்த வருஷம் வேற அளத்துக்கு மாறிட்டாங்க, மூணாவது தடவை போனப்பதான் கெடச்சாங்க. காலண்டரக் காட்டினேன், "எம் மவ கல்யாணத்துக்கு இப்படி எடுத்துத் தருவியா"ன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். இப்ப பைல எப்பவும் ஒரு தமிழ் ஒப்புதல் பேப்பர் வச்சிருக்கேன், பேர், கையெழுத்து இல்லன்னா கைநாட்டு, எதுக்கெல்லாம் யூஸ் பண்ணுவேன்னு நாலு வரி.

முன்கூட்டியே பண்றதுல எனக்குப் பெரிய நம்பிக்கை இல்ல. வாட்டர்மார்க்க இப்பல்லாம் ஏஐ பத்து செகண்ட்ல தொடைக்குது. ஆனாலும் முழு சைஸ்ல ஏத்தாதீங்க, நீளப் பக்கம் 1500 பிக்ஸல் போதும், போன்ல அழகாத் தெரியும், ஃப்ளெக்ஸ்ல அடிச்சா பல்லிளிக்கும். கேமராவுலயே காப்பிரைட்னு ஒரு மெனு இருக்கும், அதுல உங்க பேரப் போட்டு வைங்க. கஸ்டமருக்கு வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அந்த விவரம் போயிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுட்டு, என் இருபது படத்த வரிசையா லென்ஸ்ல போட்டுப் பாப்பேன். போன தடவ ரெண்டு மாட்டுச்சு. ஒண்ணு காலேஜ் புள்ள ப்ராஜெக்ட், "பேர் போடும்மா"ன்னு சொன்னதும் போட்டுடுச்சு. இன்னொண்ணு ஒரு ரிசார்ட்டு, அவங்க ரூம் வாடகை லிஸ்டுக்கு மேல என் படம் நிக்குது. மெயில் போயி ஆறு நாளாச்சு, பதில் வரல, இன்னும் நாலு நாள் இருக்கு.